திங்கட்கிழமை ‘டெல்லி முழுவதும்’ என்றால் முன்பணம் கட்டாதீர்கள்

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் வயதான அப்பா, அம்மா, 12 மற்றும் 9 வயதுப் பிள்ளைகளோடு டெல்லி போகிறோம். சனிக்கிழமை காலை தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இறங்கி, செவ்வாய் இரவு திரும்புகிறோம். யாருக்கும் இந்தி தெரியாது. ‘ஞாயிறு ஆக்ரா, மதுரா, திங்கள் டெல்லி முழுவதும், நுழைவுக் கட்டணம் உட்பட’ என்று ஒரு டிராவல்ஸ்காரர் முன்பணம் கேட்கிறார். கட்டலாமா, நாங்களே சுற்றிக்கொள்ள முடியுமா?

பதில்: கட்ட வேண்டாம். நீங்களே சுற்றலாம். தமிழ்நாட்டிலிருந்து வரும் குடும்பங்களை டெல்லியில் அழைத்துப் போய்க் காட்டுவதுதான் இத்தனை வருடங்களாக என் தொழில். அந்த இரண்டு வரித் திட்டத்தைப் படித்ததுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

திங்கட்கிழமை செங்கோட்டை மூடியிருக்கும். தாமரைக் கோயில், அக்ஷர்தாம், தேசிய அருங்காட்சியகம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும் ரயில் அருங்காட்சியகம், காந்தியடிகள் கடைசி நாட்களைக் கழித்த காந்தி ஸ்மிருதி எல்லாவற்றுக்கும் அன்றுதான் விடுமுறை. இது டிராவல்ஸ்காரருக்குத் தெரியாமல் இருக்காது. பஸ்ஸை மெதுவாக ஓட்டி, ‘அதோ செங்கோட்டை’ என்று ஜன்னல் வழியே காட்டுவார்கள். போட்டோ எடுக்கப் பத்து நிமிடம் கிடைக்கும், அப்புறம் நேராக ஒரு சேலைக் கடை. அந்தக் கடையில் அவர்களுக்குக் கமிஷன் உண்டு.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை எல்லாமே மூடியிருக்காது. குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும் ஏழு நாளும் திறந்திருக்கும். செங்கோட்டையைப் போலவே இரண்டும் தொல்லியல் துறையின் கையில் இருப்பவைதான். ஆனாலும் அதற்கு விடுமுறை உண்டு, இவற்றுக்குக் கிடையாது. இந்தியா கேட், அதன் பக்கத்தில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவிடம், பங்களா சாஹிப் குருத்வாரா ஆகியவற்றையும் திங்களன்று பார்க்கலாம். ஆகவே ‘யார் சொன்னது மூடியிருக்கும் என்று? நான் காட்டுகிறேன்’ என்று அவர் சொன்னால் அதில் பாதி உண்மை இருக்கும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘செங்கோட்டைக்கு உள்ளே கூட்டிப்போவீர்களா?’

ஒரு நாட்டின் தலைநகரில் இத்தனை இடங்களையும் ஒரே கிழமையில் பூட்டுவது என்ன ஏற்பாடு? இடத்துக்கு ஒரு கிழமையாக மாற்றி விடுமுறை விட்டால், 2,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வருகிறவர்கள் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்காதே. வருடா வருடம் பெரியவர்கள் வெயிலிலும் குளிரிலும் அந்த வாசலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். ஆக்ராவைத் திங்களுக்கு மாற்றுங்கள். தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, திங்களன்று திறந்திருக்கும். பஸ் டூர் வேண்டாம். ஒரே நாளில் மதுராவையும் சேர்த்துக்கொண்டு, நடுவில் பளிங்குக் கடையிலும் நிறுத்துவதால் தாஜ்மகாலில் ஒரு மணி நேரம் நின்றாலே அதிர்ஷ்டம். நிஜாமுதீன் ரயில் நிலையத்திலிருந்து காலையில் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ் சுமார் 100 நிமிடத்தில் ஆக்ரா போய்விடும், மாலையில் அதிலேயே திரும்பலாம். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு திறக்கும். விடுமுறைக் காலம் என்பதால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். டிசம்பரில் விடிகாலை மூடுபனியில் தாஜ்மகாலே கண்ணுக்குத் தெரியாது, பத்து மணிக்கு மேல் போய்ச் சேருவதுதான் நல்லது. வண்டிகளைத் தாஜ்மகாலின் வாசல்வரை விடமாட்டார்கள். அப்பா, அம்மாவுக்குப் பேட்டரி வண்டி பிடித்துக்கொள்ளுங்கள்.

‘நுழைவுக் கட்டணம் உட்பட’ என்பதையும் நம்பி மயங்க வேண்டாம். தாமரைக் கோயில், அக்ஷர்தாம், போர் நினைவிடம், குருத்வாரா எதற்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. செங்கோட்டை, குதுப் மினார், தாஜ்மகால் மூன்றிலும் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டாம். உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் அவர் பணம் கேட்டிருப்பார். பிள்ளைகளின் ஆதார் அட்டையைக் கையில் வைத்திருங்கள். பெரியவர்களுக்குத் தொல்லியல் துறை இணையதளத்தில் முதல் நாளே டிக்கெட் எடுத்துவிட்டால் கவுண்டர் வரிசை மிச்சம்.

சனிக்கிழமைக்கு எந்தப் பெரிய திட்டமும் வைக்காதீர்கள். மூடுபனிக் காலத்தில் காலையில் வர வேண்டிய ரயில் மதியத்துக்கு மேல் வருவது சாதாரணம். நேரம் இருந்தால் மாலையில் பங்களா சாஹிப், அங்கே லங்கர் என்ற பொதுச் சமையற்கூடத்தில் சாப்பாடு, பிறகு இந்தியா கேட். ஞாயிறு தெற்கு டெல்லி: தாமரைக் கோயில் பார்த்துவிட்டு, கல்காஜி மந்திர் நிலையத்தில் மெட்ரோ ஏறி, ஹௌஸ் காஸில் மாறி, குதுப் மினார். நிலையத்துக்கும் குதுப் மினார் பெயர்தான், ஆனால் அங்கிருந்து கோபுரம் நடக்கிற தூரமில்லை, ஆட்டோ வேண்டும். மாலையில் ஆர்.கே.புரம் மலை மந்திர். முருகன் சன்னதி மேலே இருக்கிறது. படி ஏறுவதை அம்மாவின் முழங்காலைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

செவ்வாய்க்குச் செங்கோட்டையும் சாந்தினி சௌக் கடைவீதியும். அங்கே ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால்தான் செவ்வாய். அக்ஷர்தாமையும் அன்றே சேர்க்க ஆசைப்படாதீர்கள். செல்போன், பை எல்லாவற்றையும் ஒப்படைக்கும் வரிசைக்கே நேரம் போய்விடும், இரவு ரயில் இருக்கிறது.

இந்தி தெரியாதது பெரிய குறையே இல்லை. மெட்ரோவில் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் வரும், உங்கள் பெரிய பிள்ளையே வழி சொல்லிவிடும். பயப்பட வேண்டிய இடம் புதுடெல்லி ரயில் நிலைய வாசல்தான். ‘அந்த ஓட்டல் மூடிவிட்டார்கள்’, ‘அந்தப் பக்கம் ஊர்வலம், ரோடு அடைப்பு’ என்று ஒருவர் கரிசனமாகச் சொல்லி, ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று போர்டு மாட்டிய சுற்றுலா அலுவலகத்துக்குக் கூட்டிப்போவார். நகரின் மையக் கடைப்பகுதியான கன்னாட் பிளேஸைச் சுற்றி இப்படிப்பட்ட போலி அலுவலகங்கள் நிறைய. அங்கே உட்கார்ந்துவிட்டால் பேக்கேஜ் வாங்காமல் எழ முடியாது. போர்டைக் கழற்றச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை என்பது என் நெடுநாள் ஆற்றாமை. ஓட்டலுக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்கள். ஆட்டோவுக்கு வெளியே இருக்கும் போக்குவரத்துக் காவல்துறையின் ப்ரீபெய்ட் பூத்தில் சீட்டு வாங்குங்கள், இறங்கும் இடம் வரும்வரை சீட்டை டிரைவரிடம் கொடுக்காதீர்கள்.

திரும்பும் இரவும் இதே வாசலில் கவனம் வேண்டும். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒருவர் ‘டிக்கெட் உறுதியாகவில்லை, ஆபீஸில் முத்திரை போட வேண்டும்’ என்பார். அப்படி ஒரு முத்திரை ரயில்வேயில் கிடையாது. நிற்காமல் நடந்து ரயிலில் ஏறிவிடுங்கள். ஓட்டலை விட்டுக் கிளம்பும் முன் 139-க்குப் போன் செய்து ரயில் எத்தனை மணி நேரம் தாமதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குளிரில் பெரியவர்களைப் பிளாட்பாரத்தில் உட்கார வைக்க வேண்டாம்.