6,500 ரூபா பக்கேஜுக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: மகனுக்குப் பழைய லாப்டொப் ஒன்று வாங்கினேன். உபுண்டு என்ற இலவச இயங்குதளம் போட்டுத் தந்தார்கள். தமிழ் எழுத்துரு, தமிழ்த் தட்டச்சு, வீடியோ பார்க்கும் விஎல்சி, ஒபிஸ் எல்லாம் சேர்த்து ஒரு ‘பக்கேஜ்’, 6,500 ரூபா என்கிறார் கடைக்காரர். மகன் தானே போடுகிறேன் என்று டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் திரையில்) தேடினால் திரை நிறைய ஏதேதோ ஓடுகிறது. டேட்டாவும் கரைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கொடுத்துவிடலாமா?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: நீங்கள் கேட்ட நான்குமே இலவசம். கடைக்காரர் வாங்குவது கூலி மட்டும்தான். கூலி வாங்குவது பிழையில்லை, ஆனால் அதை மென்பொருளின் விலைபோலச் சொல்லக்கூடாது. ‘ஒபிஸ்’ என்றால் எது என்றும் கேளுங்கள். உபுண்டுவில் போடுவது பெரும்பாலும் லிப்ரே ஒபிஸ்; அதற்கு உரிமக் கட்டணம் கிடையாது.

இனி மகனுக்கு. தேடுவதற்கு டேட்டா போகாது. ‘சூடோ ஏபிடி அப்டேட்’ என்று ஒருமுறை கொடுத்தால் பக்கேஜ் பட்டியல் உங்கள் டிஸ்க்குக்கு வந்துவிடும். ‘சூடோ’ என்பது நிர்வாகி அதிகாரம் கேட்பது, ‘ஏபிடி’ மென்பொருள் தேடி நிறுவும் கருவி, இங்கே பக்கேஜ் என்பது கடைக்காரரின் பக்கேஜ் அல்ல, நிறுவக்கூடிய மென்பொருள் பொதி. அப்புறம் ‘ஏபிடி சேர்ச்’ தேடுவது அந்தப் பட்டியலில்தான். ரவுட்டரை நிறுத்திவிட்டும் தேடலாம். (கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன், தம்பி ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டட்டும்.)

திரை நிறைய ஓடுவதற்குக் காரணம், அந்தத் தேடல் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. விஎல்சியைத் தேடினால், விவரக்குறிப்பில் எங்காவது அந்தப் பெயர் இருந்தாலும் இழுத்து வந்து கொட்டும். ‘ஏபிடி சேர்ச்’ என்பதற்குப் பின்னால் ஒரு சிறுகோடும் ‘என்’ எழுத்தும் சேர்த்தால் பெயரில் மட்டும் தேடும். அப்போதும் விஎல்சியின் செருகுநிரல்கள் வரிசையாக வரும். பெயருக்கு முன்னால் கூரைக்குறி, அதாவது 6ஆம் இலக்கச் சாவியின் மேலே இருப்பது, பின்னால் டொலர் குறி, இரண்டையும் சேர்த்து ஒற்றை மேற்கோளுக்குள் போடச் சொல்லுங்கள். ஒரே ஒரு பக்கேஜ்தான் மிஞ்சும்.

தமிழ் எழுத்துருவில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். பெயரில் மட்டும் ‘தமிழ்’ என்று ஆங்கிலத்தில் தேடினால் வேண்டியது அகப்படாது, ஏனென்றால் அந்தப் பக்கேஜின் பெயர் ‘ஃபொண்ட்ஸ்’, சிறுகோடு, டி-ஏ-எம்-எல். நடுவில் ‘ஐ’ இல்லை! லிப்ரே ஒபிஸின் தமிழ் இடைமுகத்துக்கோ கடைசியில் வெறும் டி-ஏ. ஆகவே பெயர் தெரியாதபோது முதலில் அகலமாகத் தேடி, பெயரைக் கண்டுபிடித்த பிறகு குறுக்குங்கள். தட்டச்சுக்கு ‘ஐபஸ்-எம்17என்’ போதும். தமிழ்99 விசைப்பலகை அமைப்பும் அதற்குள் இருக்கிறது, சிங்களமும் இருக்கிறது.

அந்தப் பட்டியலை இறக்குவதைத் தவிர, டேட்டா போவது நிறுவும்போதுதான். விஎல்சி போலக் கூடவே பல பக்கேஜ்களை இழுக்கும் ஒன்றென்றால், எத்தனை எம்பி இறங்கும் என்று காட்டிவிட்டுத்தான் சம்மதம் கேட்கும். அதிகமென்றால் ‘என்’ அடித்து நிறுத்தலாம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். ‘சூடோ’ போட்டதும் கடவுச்சொல் கேட்கும். தட்டும்போது பல உபுண்டு பதிப்புகளில் திரையில் ஒரு புள்ளிகூட விழாது. கீபோர்ட் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிப் போனவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கடவுச்சொல்லை வைத்தது கடைக்காரர் என்றால், இன்றைக்கே கேட்டு வாங்கி மாற்றிவிடுங்கள். அது இல்லாமல் உங்கள் லாப்டொப்பில் உங்களாலேயே எதுவும் நிறுவ முடியாது, ஒவ்வொன்றுக்கும் கடைக்கு நடக்க வேண்டியதுதான்.

மகனுக்கு நேரமில்லை, காசு கொடுத்தே செய்விக்கிறீர்களா? சரி, பில்லில் ‘நிறுவல் கூலி’ என்று தனியாக எழுதச் சொல்லுங்கள். லாப்டொப்புக்குப் பற்றுச்சீட்டு வாங்கினீர்களா? கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். மறுத்தால் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள்.