வீட்டுப் பக்கம் நிக்கிற முள்ளு மரத்துல எது கருவேலம், எது உடை, எது சீமைக் கருவேலம்னு எப்படி கண்டுபிடிக்கது?

அண்ணாச்சி, இலைய மட்டும் பாத்தீங்கன்னா மூணும் ஒண்ணு போலத்தான் தெரியும், பூவையும் காயையும் பாருங்க. நாட்டுக் கருவேலம் பூ மஞ்சக் கலர்ல குட்டி பந்து மாதிரி இருக்கும், காய் ஒவ்வொரு விதைக்கும் நடுவுல இறுகி பாசிமணி கோத்த மாதிரி சாம்பக் கலர்ல தொங்கும். கையில எடுத்து தடவிப் பாருங்க, வெல்வெட் துணி மாதிரி இருக்கும், எனக்கு ரொம்பப் பிடிச்ச காய் அது.

சீமைக் கருவேலம் பூ பந்தா வராது, விரல் நீளத்துல வால் மாதிரி தொங்கும், காய் பழுத்தா மஞ்சளா இனிக்கும், ஆடு மாடு தின்னுட்டு போற இடமெல்லாம் விதைய போட்டுரும், அதான் இப்படி பரவிருச்சு. நம்ம பக்கம் நெறைய பேரு இதையும் உடமரம்னே சொல்லுதாங்க, கொழப்பமே அங்கதான் வருது.

நெசமான உடை தூரத்துலயே தெரிஞ்சிரும், மேல தட்டையா குடைய விரிச்சு வச்ச மாதிரி நிக்கும்லா, பூ வெள்ளை, காய் சுருண்டு வளையம் போல கிடக்கும். திசையன்வெளை, சாத்தான்குளம் தேரிக்காட்டுப் பக்கம் போனா பாக்கலாம். சீமைக் கருவேலம் வெட்டுதோம்னு சொல்லி இதையும் சேத்து வெட்டிருதாங்க, மனசு கெடந்து அடிச்சுக்கிடும். அதனால ஜேசிபி வர்றதுக்கு முன்னாடி காய ஒருதடவ பாத்துருங்க.