மௌதாய் சாராயம்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: அண்ணா, சோளத்தில் காய்ச்சிய சாராயத்துக்கா இந்த விலை?

பதில்: விலையில் பாதி காலத்துக்கு, தம்பி. சீனாவின் குய்சோ மாகாணத்தில், ச்சிஷுய் ஆற்றங்கரையில் இருக்கிறது மௌதாய் ஊர். கோடைத் தொடக்கத்தில் வரும் டிராகன் படகுத் திருவிழா சமயத்தில் இடித்த கோதுமையைக் காலால் மிதித்துக் கட்டிகளாக்கி, வைக்கோல் போட்டு அடுக்கிப் புழுங்கவிடுவார்கள். கட்டிக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அதைத் தாங்கிப் பிழைக்கிற நுண்ணுயிர்கள்தான் பிற்பாடு ஊறலை நொதிக்கவைப்பவை. மழைக்காலத்தில் சிவந்து ஓடும் ஆறு தெளிந்ததும், சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாளையொட்டிச் சோளத்தில் வேலையைத் தொடங்குவார்கள். இரண்டு தவணையாகச் சோளம் போட்டு, ஒன்பது முறை ஆவியில் வேகவைத்து, எட்டு முறை ஊறப்போட்டு, ஏழு முறை சாராயம் இறக்குவார்கள். இந்த ஒரு சுற்றுக்கே ஒரு வருடம்.

நம்மூர் ஊறல் போலத் தண்ணீராக இருக்காது. வெந்த சோளத்தைத் தரையில் பரப்பி ஆற்றி, கோதுமைக் கட்டித் தூளைக் கலந்து, குவித்துச் சூடேறவிட்டு, அப்புறம்தான் கற்குழியில் போட்டு மூடுவார்கள். பொடிமணிச் சிவப்புச் சோளம் என்பதால் இத்தனை வேக்காட்டுக்கும் குழையாமல் நிற்கிறது.

கேள்வி: ஏழு முறையும் ஒரே ருசியா?

பதில்: எங்கே! முதலில் வருவது புளித்துத் துவர்க்கும், கடைசியில் வருவதில் கருகல் கசப்பு. நடுவில் இறங்குவதுதான் அருமையானது. ஆனால் எதையும் கொட்டுவதில்லை. எல்லாவற்றையும் மண் ஜாடிகளில் மூன்று வருடமாவது வைத்து, பிறகு கலவை நிபுணர்கள் அளவு பார்த்துச் சேர்ப்பார்கள். பாட்டில் கடைக்கு வர ஏறக்குறைய ஐந்து வருடம். வீரியம் 53 சதவீதம். என்னைக் கேட்டால், கெட்டிக்காரத்தனம் காய்ச்சுவதைவிட இந்தக் கலவையில்தான் அதிகம்.

கேள்வி: சார், மாமா விட்டுப்போன பழைய பாட்டில் ஒன்று இருக்கிறது. கோடீஸ்வரன் ஆகிவிடுவேனா?

பதில்: ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள். 2021-இல் லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் 1974-ஆம் வருட 'சூரியகாந்தி' மௌதாய் 24 பாட்டில்கள் பத்து லட்சம் பவுண்டுக்குப் போனது உண்மை. லேபிளில் முன்பு இருந்த பறக்கும் தேவதைகள் படம் பழைய உலகத்தின் சின்னம் என்று சீனாவின் கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் ஒதுக்கப்பட்டு, ஏற்றுமதிப் பாட்டில்களில் சூரியகாந்தி ஒட்டப்பட்டது. அதனால்தான் அந்தக் கிராக்கி. உங்களுடையதை முதலில் தராசில் வையுங்கள். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் வருடக்கணக்கில் சாராயம் ஆவியாகிக் கசியும். எடை குறையக் குறைய விலையும் இறங்கும். லேபிளைத் துடைக்காதீர்கள், மூடியைத் திருகிப் பார்க்காதீர்கள், படுக்கவைக்காதீர்கள்.

கேள்வி: போலியைக் கண்டுபிடிக்க வழி?

பதில்: பாட்டிலின் போட்டோவைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். காலி பாட்டிலையே காசு கொடுத்து வாங்கி மலிவுச் சரக்கை ஊற்றி விற்கிறார்கள். அதனால் சீன விருந்துகளில் குடித்து முடித்ததும் பாட்டிலை உடைத்துப்போடுகிறவர்கள் உண்டு. வாங்கிய ரசீதும் கைமாறிய விவரமும் இல்லாத பாட்டிலுக்குப் பெரிய தொகை கொடுக்காதீர்கள், அண்ணாச்சி.

கேள்வி: ஐஸ் போட்டுக் குடிக்கலாமா?

பதில்: வேண்டாம். சுண்டுவிரல் உயரக் கிண்ணத்தில், அறைச் சூட்டில், சாப்பாட்டோடு. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சனுக்குச் சீனப் பிரதமர் சௌ என்லாய் ஊற்றிக்கொடுத்ததும் அப்படித்தான்.