லாரி வாங்கக் காசு இருக்கிறது, ஓட்டக் காசு இருக்கிறதா?

கேள்வி: அண்ணா, வணக்கம். எனக்கு வயது 36. கோட் 14 (டிரெய்லர் இழுக்கும் கனரக லாரி) லைசென்ஸ் இருக்கிறது, பல வருடமாகக் கம்பெனி லாரி ஓட்டுகிறேன். வேலையை விட்டால் பிராவிடன்ட் ஃபண்டும் சேமிப்பும் சேர்ந்து, வரி போக 1,80,000 ரேண்ட் கைக்கு வரும். தெரிந்த ஒருவர் தன் பழைய ஹார்ஸையும் (இழுக்கும் முன்வண்டி) சூப்பர்லிங்க் டிரெய்லரையும் (இரட்டை டிரெய்லர்) தருகிறேன், 1,50,000 முன்பணம் கொடு, மீதியை மாதாமாதம் என்னிடமே கட்டு என்கிறார். ஜோகன்னஸ்பர்க் லைன் ஓடினால் ஒரு வருடத்தில் கடன் அடைந்துவிடுமாம். இறங்கலாமா?
சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: தம்பி, இந்தப் பேரத்தில் இறங்காதீர்கள். நீங்கள் சொந்தமாக ஓட்ட வேண்டும் என்பதில் எனக்கும் ஆசைதான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

1,50,000ஐத் தூக்கிக் கொடுத்துவிட்டால் உங்கள் கையில் மிச்சம் 30,000. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் ஒரு பக்கம் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். பழைய சூப்பர்லிங்க் சரக்கோடு போனால் 100 கிலோமீட்டருக்கு 50 லிட்டர் குடிக்கும். டீசல் லிட்டர் 20 ரேண்ட் என்று வைத்துக்கொண்டாலும் போய்வர 11,400 ஆகிறது, அதற்குமேல் மரியான்ஹில், மூய், துகேலா, வில்கே, டி ஹூக் என்று N3 நெடுஞ்சாலை முழுக்க டோல் கட்ட வேண்டும். இரண்டு தடவை போய்வந்தால் கை காலி. சரக்குக்காரர் எப்போது பணம் தருவார்? பெரும்பாலான கம்பெனிகளில் மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட், அதிலிருந்து 30 நாள். மாதம் பிறந்ததும் நீங்கள் ஏற்றிய லோடுக்கு அடுத்த மாதக் கடைசியில்தான் காசு வரும். அதுவரை டீசல், தவணை, இன்சூரன்ஸ், வீட்டுச் செலவு எல்லாவற்றுக்கும் எங்கே போவீர்கள்? புதிதாக வருகிறவர்களில் பலர் லோடு கிடைக்காமல் விழுவதில்லை, நிறைய லோடு ஓட்டி, பில் போட்டு, அந்தப் பணம் வருவதற்குள் டீசல் போடக் காசில்லாமல் விழுகிறார்கள். இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

அப்புறம், அந்த வண்டி யாருடையது? பதிவுப் பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். அதில் டைட்டில் ஹோல்டர் என்று ஒரு இடம், ஓனர் என்று இன்னொரு இடம் இருக்கும். டைட்டில் ஹோல்டர் இடத்தில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். நீங்கள் அவரிடம் ஒழுங்காகக் கட்டி, அவர் வங்கியில் கட்டாமல் விட்டால், வண்டியை உங்கள் கையிலிருந்துதான் எடுத்துக்கொண்டு போவார்கள். உங்கள் 1,50,000 போனது போனதுதான்.

என் யோசனை இது. எட்டு டன் லாரியில் ஆரம்பியுங்கள். சூப்பர்லிங்க்குக்கு ஹார்ஸும் இரண்டு டிரெய்லரும் சேர்த்து 26 டயர், எட்டு டன்னுக்கு 6 டயர். டோலிலும் இரண்டு அச்சு என்பதால் கீழ் வகுப்புக் கட்டணம்தான். புரோஸ்பெக்டன், ஜேக்கப்ஸ், மொபேனி, பைன்டவுன், ஹமர்ஸ்டேல், கேட்டோ ரிட்ஜ் என்று நம்மைச் சுற்றியே ஃபேக்டரிகளும் கிடங்குகளும் இருக்கின்றன, ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். ஜோகன்னஸ்பர்க் லைனில் பெரிய கம்பெனிகள் ரிட்டர்ன் லோடை முன்கூட்டியே கட்டி வைத்திருப்பார்கள். ஒற்றை லாரிக்காரர் அங்கே நின்று புரோக்கருக்குப் போன் போட்டு, கிடைத்த ரேட்டுக்கு ஏற்றிக்கொண்டு வர வேண்டியதுதான்.

லாரி பார்ப்பதற்கு முன்னால் லோடு பாருங்கள். நீங்கள் இத்தனை வருடமாகப் போய்வரும் கிடங்குகளில் டிஸ்பாட்ச் பார்ப்பவர்களை உங்களுக்குத் தெரியும், அந்த அறிமுகம்தான் உங்கள் முதல் சொத்து. வாரத்துக்கு எத்தனை லோடு, என்ன ரேட், எத்தனை நாளில் பணம் என்று ஒருவரிடமாவது எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதம் வங்கியிலும் உதவும். அவர்கள் உங்களிடம் வரி ஒழுங்கு காட்டும் பின் (PIN) நம்பர், ஆபரேட்டர் கார்டு (வண்டி இயக்குபவர் பதிவு அட்டை), ரோட்வொர்தி (வண்டித் தகுதிச் சான்று), பிடிபி (தொழில்முறை டிரைவர் அனுமதி), சரக்கு இன்சூரன்ஸ், பிபிபிஇஇ (கறுப்பர் பொருளாதார மேம்பாட்டுச் சட்டம்) தாள் எல்லாம் கேட்பார்கள். அந்தக் கடைசித் தாளுக்கு ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அந்தச் சட்டம் கறுப்பர் என்று சொல்வதில் தென்னாப்பிரிக்கக் குடிமக்களான இந்திய வம்சாவளி நம்மவர்களும் அடக்கம். சின்ன நிறுவனத்துக்குச் சத்தியப் பிரமாணப் பத்திரம் போதும், போலீஸ் ஸ்டேஷனிலேயே கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். பிடிபி இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேட் சொல்வதற்கு முன் கணக்குப் போடுங்கள். மாதத் தவணை 12,000, இன்சூரன்ஸ் 4,500, டிராக்கர், பார்க்கிங், லைசென்ஸ், போன், கணக்கர் எல்லாம் 2,500, உங்கள் சம்பளம் 15,000 என்று வைப்போம். (உங்கள் சம்பளத்தையும் செலவில் சேர்க்க வேண்டும், மிஞ்சியதை எடுத்துக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தால் வீட்டில் அடுப்பு எரியாது.) ஆக மொத்தம் 34,000. மாதம் 5,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 6.80. டீசல் 100 கிலோமீட்டருக்கு 28 லிட்டர் என்றால் 5.60. டயருக்கும் ரிப்பேருக்கும் 2 ரேண்ட் ஒதுக்குங்கள். மொத்தம் 14.40, இதற்கு மேல்தான் லாபம். அதே லாரி 2,500 கிலோமீட்டர்தான் ஓடியது என்றால்? 21.20. லாரி நின்றாலும் தவணை நிற்காது. இவை நான் வைத்துக்கொண்ட தொகைகள், உங்கள் நிஜத் தொகைகளை வைத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். காலியாகத் திரும்பும் தூரத்தையும் சேர்த்தே ரேட் சொல்லுங்கள், 60 கிலோமீட்டர் லோடு என்றால் உங்களுக்கு அது 120 கிலோமீட்டர்.

டீசலில் பேரம் பேசலாம், பலருக்கு இது தெரியவில்லை. பெட்ரோலுக்குச் சில்லறை விலையை அரசாங்கம் நிர்ணயிக்கிறது, டீசலுக்கு அப்படி இல்லை, பம்புக்குப் பம்பு விலை மாறும். மாதத்தின் முதல் புதன்கிழமை விலை மாறும்போது நாலு இடத்தில் விசாரியுங்கள். கடலோரத்தில், ஜோகன்னஸ்பர்க் இருக்கும் மேட்டு நாட்டை விட மலிவு, அதனால் மேலே போகும் லோடு என்றால் டர்பனிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் கருமித்தனம் வேண்டாம். 2021 ஜூலை கலவரத்தில் மூய் ரிவர் பக்கம் வரிசையாக லாரிகள் எரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். கலவரச் சேதத்தை சாதாரண பாலிசி ஏற்காது, அதற்கு சாஸ்ரியா என்ற தனிக் காப்பு இருக்கிறது, உங்கள் பாலிசியில் அது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இன்னொன்று, கம்பெனி பதிவு செய்யாமல் சொந்தப் பேரில் ஓட்டுகிறவருக்குத் தொழிலாளர் இழப்பீடும் கிடையாது, யுஐஎஃப் என்ற வேலையிழப்புக் காப்பும் கிடையாது. கை உடைந்து இரண்டு மாதம் படுத்தால் வீட்டுக்கு என்ன வழி என்று இப்போதே யோசித்து, வருமானக் காப்பு ஒன்று எடுங்கள்.

பிரேக்கில் மட்டும் ஒரு சென்ட் கூட மிச்சம் பிடிக்காதீர்கள். 2013 செப்டம்பரில் பைன்டவுன் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வந்த லாரி டாக்சிகளில் மோதி இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம் ஊரில் எங்கே திரும்பினாலும் இறக்கம்தான். பழைய லாரி வாங்குகிறீர்கள் என்றால் விற்பவருக்குத் தெரிந்த மெக்கானிக் வேண்டாம், நீங்கள் காசு கொடுத்துக் கூட்டிப் போகும் மெக்கானிக் பார்க்கட்டும்.

உங்கள் 1,80,000இல் முன்பணத்துக்கு 70,000க்கு மேல் தொடாதீர்கள். மீதி லாரி ஓடுவதற்கான பணம். கடைசியில் மொத்தமாக ஒரு பெரிய தொகை கட்டும் பலூன் தவணைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், மாதத் தவணை குறைவாகத் தெரியும், முடிவில் கழுத்தைப் பிடிக்கும். வங்கி இப்போது மாட்டேன் என்றால் வேலையை விடாமல் இன்னும் கொஞ்ச காலம் சேருங்கள். லீவு எடுத்து, வாடகை லாரியில் அந்தக் கிடங்கின் லோடைச் சில நாள் ஓட்டிப் பார்த்தாலே அவர்கள் சொன்ன ரேட்டும் லோடும் நிஜமா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: நான் வேலை பார்க்கும் கம்பெனியே லாரிக்கு ஏற்பாடு செய்து ஓனர் டிரைவராக்குகிறோம் என்கிறது. நம்பலாமா?
டொங்காட் வாசகர்

பதில்: நல்ல வாய்ப்பாக இருக்கலாம். 1980களிலேயே இந்நாட்டு பீர் கம்பெனி ஒன்று தன் டெலிவரி டிரைவர்களை இப்படி ஓனர்களாக்கியது, பிறகு பலர் அதைப் பின்பற்றினார்கள். ஒப்பந்தத்தில் நான்கு இடத்தைப் பாருங்கள். லாரிக் கடன் 60 மாதம், வேலை ஒப்பந்தம் 24 மாதம் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள், இரண்டும் சேர்ந்து முடிய வேண்டும். மாதத்துக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு வேலை என்ற உறுதி இருக்கிறதா? டீசல் ஏறினால் ரேட்டும் ஏறுமா? வேறு ஆளின் லோடை ஏற்றலாமா? ஏற்றக் கூடாது, வேலைக்கு உறுதியும் இல்லை என்றால் அது ஓனர் வேலை இல்லை, லாரிக் கடனோடு கூடிய பழைய டிரைவர் வேலை.

கேள்வி: அண்ணா, என் கணவர் லாரிக் கடன் வாங்குகிறார். வங்கியில் நானும் கையெழுத்துப் போட வேண்டுமாம். பயமாக இருக்கிறது, வீடு இருவர் பேரிலும் இருக்கிறது.
வெருலம் வாசகி

பதில்: பயப்படுவதில் நியாயம் இருக்கிறது தங்கச்சி. முதலில் உங்கள் கல்யாணப் பதிவைப் பாருங்கள். பதிவுக் கல்யாணத்துக்கு முன்னால் ஏஎன்சி (சொத்தைத் தனித்தனியாக வைக்கும் ஒப்பந்தம்) எழுதாதவர்களுக்குச் சட்டப்படி சொத்தும் கடனும் பொது. அப்படியானால் பொதுவாகக் கடனுக்கு மனைவியின் சம்மதம் வேண்டும் என்று 1984ஆம் ஆண்டின் திருமணச் சொத்துச் சட்டமே சொல்கிறது, வங்கி அதைத்தான் கேட்கிறது. ஆனால் அந்த நிலையில் தொழில் கவிழ்ந்தால் பொதுச் சொத்தான வீடும் கடனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். லாரியைத் திருப்பிக் கொடுத்தாலும் தீராது, வங்கி அதை விற்று, குறைகிற தொகையை உங்களிடம் கேட்கும். ஏஎன்சி இருந்தால் கதை வேறு, அவர் கடன் அவருடையது, நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே வருவீர்கள். அதனால் நீட்டுகிற தாள் சம்மதமா ஜாமீனா என்று கேட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். ஜாமீன் என்றால் எவ்வளவு தொகை வரை என்று எழுதித் தரச் சொல்லுங்கள், தொகை போடாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.