ஃபிலிப் கிளாஸ்: தாளில் எழுதிவைத்துவிட்டுப் போன கேள்விகள்

போன ஞாயிறு மாலை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஹோலில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, அமெரிக்க இசையமைப்பாளரும் பியானோக் கலைஞருமான ஃபிலிப் கிளாஸின் ஐந்தாறு துண்டுகளைக் கேட்டோம். பேசத் தொடங்கும்போது மழை இருட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் கேள்விகளைத் தாளில் எழுதிவைத்துவிட்டு ஓடிவிட்டார்கள். பியானோ சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன்.

டீச்சர், ஒரே வரியையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார். இசைத்தட்டு கீறிப்போச்சோ என்று அப்பா கேட்டார். இதில் என்னதான் இருக்கிறது? (தெஹிவளை மாணவி)

அப்பாவைத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். 1968இல் எழுதிய 'டூ பேஜஸ்' ஐந்தே ஐந்து சுரங்களில் தொடங்குகிறது. நம் கணக்கில் ப ஸ ரி க ம, அதில் ப மட்டும் கீழ்ஸ்தாயி. அதைக் கொஞ்ச நேரம் சுற்றவிடுவார். பிறகு ப ஸ ரி க ம, ப ஸ ரி க. அப்புறம் அதோடு ப ஸ ரி. கடைசியில் ப ஸ. ஐந்து, நாலு, மூன்று, இரண்டு. மிருதங்க வகுப்புக்குப் போன பிள்ளை இதைக் கேட்டவுடனே கோபுச்ச யதி, அதாவது பசுவின் வால் மாதிரிக் குறுகிக்கொண்டே போகும் அமைப்பு, என்று சொல்லிவிடும்.

அதாவது ஒன்றேதான் திரும்பி வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சுரம் கூடியிருக்கும், இல்லையென்றால் குறைந்திருக்கும். கேட்க வேண்டியது அதைத்தான். ஆனால் அப்பாவின் எரிச்சலிலும் நியாயம் உண்டு. நம்முடைய வித்துவான் தனி ஆவர்த்தனத்தில் எவ்வளவு தூரம் போனாலும் கோர்வை என்ற முடிப்புக் கணக்கு வைத்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் வந்து சேருவார், நாம் தலையாட்டுவோம். கிளாஸ் வந்து சேர மாட்டார். போய்க்கொண்டே இருந்து திடீரென்று நிறுத்திவிடுவார். எனக்கே அது பழக ஒரு வருஷம் பிடித்தது.

அப்படியானால் இதை நம்மிடமிருந்து எடுத்தாரா? (மிருதங்கம் பயிலும் ஒரு தம்பி, கொட்டாஞ்சேனை)

கர்நாடக இசையிலிருந்து இல்லை, தம்பி. வட இந்தியப் பக்கத்திலிருந்து, அதுவும் பாரிஸில். 1964 முதல் 1966 வரை அங்கே நாடியா பூலான்ஜேயிடம் படித்தார். கண்டிப்புக்குப் பேர்போன ஆசிரியை. நியூயோர்க்கின் ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் பட்டம் வாங்கிவந்தவரைத் திரும்பவும் அடிப்படைப் பாடத்திலிருந்து தொடங்க வைத்தார். அந்த நாட்களில் சிதார் கலைஞர் ரவிசங்கர் ஒரு படத்துக்கு இசையமைக்க வந்தார். பிரெஞ்சு வாத்தியக்காரர்களுக்காக அதை மேற்கத்தியக் குறியீட்டில் எழுதித் தருவது கிளாஸின் வேலை.

எழுதி வாசிக்கவைத்தால் அழுத்தம் எல்லாம் தப்பான இடத்தில் விழுகிறது. எல்லாச் சுரமும் சமம் என்று தபலா வாசித்த அல்லா ரக்கா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம். கடைசியில் கிளாஸ் தாளில் இருந்த குறுக்குக் கோடுகளை அழித்துவிட்டுப் பார்த்தார். இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து ஒரு சுற்று ஓடுவது அப்போதுதான் கண்ணில் பட்டது. இது அவரே சொன்ன கதை. அங்கே பிடித்த நூலைத்தான் பிறகு தன் வழியில் இழுத்துக்கொண்டு போனார். 1990இல் ரவிசங்கரோடு சேர்ந்தே 'பாசேஜஸ்' என்ற இசைத்தொகுப்பையும் வெளியிட்டார்.

டாக்சி ஓட்டினாராமே, உண்மையா? (ஒரு மாணவனின் மாமா)

உண்மைதான் அண்ணா. 1937இல் பால்டிமோரில் பிறந்தவர். தகப்பனாருக்கு ரேடியோ திருத்தி இசைத்தட்டு விற்கும் கடை. விலைபோகாத தட்டுகளை, ஏன் போகவில்லை என்று பார்க்க, அந்த மனுஷன் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுக் கேட்பாராம். யாரும் வாங்காத சங்கீதத்தில் மகன் வளர்ந்தது இப்படித்தான்! 15 வயதில் சிகாகோ பல்கலைக்கழகம், கணிதமும் தத்துவமும். ஜூலியார்டுக்குப் பணம் சேர்க்க இரும்பாலையில் வேலை.

நியூயோர்க்கில் குழாய் பொருத்தும் வேலையும் பார்த்தார். ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷினைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டுக்காரரான பிரபல கலை விமர்சகர் அடையாளம் கண்டு திகைத்துப்போனாராம். 1976இல் 'ஐன்ஸ்டைன் ஆன் த பீச்' என்ற ஐந்து மணி நேர ஓப்பரா (பாட்டிலேயே நடக்கும் மேடை நாடகம்) நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அரங்கில் நிறைந்த சபைக்கு நடந்தது. இடைவேளை கிடையாது, நம் ஊர்க் கூத்து மாதிரி எழும்பிப் போய்விட்டு வரலாம். அவ்வளவு நடந்தும் கையில் மிஞ்சியது கடன். திரும்பவும் டாக்சி. அடுத்த ஓப்பராவுக்கு அழைப்பு வந்து, 41 வயதில்தான் அதை விட்டார்.

பிள்ளையை இசை படிக்கவிடலாமா என்று கேட்கத்தான் இந்தக் கேள்வி வந்ததென்று தெரியும். அதை நேரில் கதைப்போம்.

காந்தியைப் பற்றிய ஓப்பரா என்றீர்கள். எந்த மொழியில்? (பம்பலப்பிட்டி, இல்லத்தரசி)

சமஸ்கிருதத்தில். 1980இல் ரொட்டர்டாமில் அரங்கேறிய 'சத்யாகிரகா'. காந்தியின் தென்னாப்பிரிக்கக் காலம்தான் கதை, ஆனால் பாடுவதெல்லாம் பகவத்கீதை. கடைசி அங்கத்தில் 1913 நியூகாசில் நடைப்பயணம் வருகிறது. அதில் நடந்த சுரங்கத் தொழிலாளர்களில் நிறையப் பேர் சென்னை மாகாணத்திலிருந்து ஒப்பந்தத்தில் போன தமிழர்கள். நமக்கு மலையகம் நினைவுக்கு வராமல் இருக்காது.

முடிவில் காந்தி தனியாக நின்று பாடுகிறார். ஏறுவரிசை எட்டுச் சுரம், அதே ஏறுவரிசை 30 தடவை. சுரங்களை எண்ணிப் பார்த்தால் அது நம் தோடி மேளத்தின் ஆரோகணம். கமகம் ஒரு பொட்டும் இல்லாத தோடி. ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத்தில் தோடி கேட்டு வளர்ந்த என் அம்மா, இது தோடியின் எலும்புக்கூடு என்றார். சொன்னவர் கடைசிவரை எழும்பாமல் இருந்து கேட்டார்.

இவரை மினிமலிஸ்ட், அதாவது மிகக் குறைந்த சுரங்களைத் திரும்பத் திரும்ப வைத்தே இசை கட்டுபவர், என்கிறார்களே?

அவருக்கு அந்தச் சொல் பிடிக்காது.

மகள் ஐந்தாம் கிரேட் சோதனை முடித்துவிட்டாள். எதை வாசிக்கலாம்? வீட்டில் கீபோர்ட்தான் இருக்கிறது. (வெள்ளவத்தை, ஒரு அம்மா)

கீபோர்ட் என்று வெட்கப்பட ஒன்றுமில்லை. கிளாஸின் சொந்தக் குழு ஆரம்பத்தில் வாசித்ததே ஃபார்ஃபிஸா மின்சார ஓர்கனில்தான். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துக் கட்டை இறுகிப்போன பழைய பியானோவைவிட நல்ல கீபோர்ட் மேல். பெடல் மட்டும் வாங்கிக்கொடுங்கள்.

'கிளாஸ்வர்க்ஸ்' தொகுப்பின் முதல் துண்டான 'ஓப்பனிங்' எடுக்கட்டும். வலது கையில் மூன்று மூன்றாக வரும், இடது கையில் அதே நேரத்துக்குள் இரண்டு இரண்டாக. பியானோவைத் தொடமுன் மேசையில் தட்டட்டும்: இரண்டு கையும் சேர்த்து ஒன்று, பிறகு வலது, இடது, வலது. இது சிந்திக்காமல் வருமட்டும் சுரத்துக்குப் போகவே கூடாது. அவருடைய 20 எத்யூடுகள் (விரல் பயிற்சிக்கான துண்டுகள்) பிறகு பார்க்கலாம்; முதல் பத்தை அவர் எழுதியதே தன் சொந்த விரல்களைத் தேற்றிக்கொள்ளத்தான்.

'மாட் ரஷ்' ஒவ்வொரு பதிவிலும் ஒவ்வொரு நீளமாக இருக்கிறதே?

1979இல் தலாய் லாமா முதல்முறை நியூயோர்க் வந்தபோது ஒரு பெரிய தேவாலயத்தில் கூட்டம். அவர் எத்தனை மணிக்கு உள்ளே வருவார் என்று யாருக்கும் தெரியாது. வரும்வரை ஓர்கனில் வாசிக்க வேண்டும். அதனால் நீட்டவும் குறுக்கவும் முடிகிற மாதிரி எழுதினார். பிரதம விருந்தினருக்காகக் காத்து நின்ற எந்த நாதஸ்வரக்காரரைக் கேட்டாலும் இந்த உருப்படியின் இலக்கணத்தைச் சொல்லிவிடுவார்.