ஆடியோ ஒயரைத் திருப்பிப் போட்டால் சத்தம் மாறுமா?

கேள்வி இதுதான்: வீட்டில் நாமே பின் வைத்துச் செய்கிற ஆடியோ ஒயருக்கு 'இந்த முனைதான் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) பக்கம்' என்று திசை உண்டா?

செம்புக்குத் திசை கிடையாது. நீங்கள் செய்த கேபிளுக்கு இருக்கலாம். பாளையங்கோட்டையில் ஆம்ப் ரிப்பேர் பார்க்கிறவன் என்பதால் இந்தச் சண்டை வாரம் தவறாமல் என் மேஜைக்கு வரும்.

திசை உண்டு என்பவர்கள் சொல்லும் காரணம்: செம்பை அச்சுத் துளை வழியாக இழுத்துத்தான் கம்பியாக்குகிறார்கள், அப்போது உள்ளிருக்கும் படிகங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், அந்தப் பக்கமாக மின்சாரம் சுலபமாக ஓடும். இழுக்கும்போது படிகங்கள் நீள்வது உண்மைதான். ஆனால் பாட்டு ஒயரில் ஒரு பக்கமாக ஓடுவதில்லை. 1,000 ஹெர்ட்ஸ் ஒலி என்றால் மின்னோட்டம் நொடிக்கு 1,000 முறை போய் 1,000 முறை திரும்புகிறது. அதோடு, ஒயருக்குள் ஒரு கோரில் (உள்கம்பியில்) போகும் அதே நேரம் இன்னொரு கோரில் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. ஒன்றுக்குச் சுலபமான பக்கம் மற்றதற்குக் கஷ்டமான பக்கம். சரி, ஒரு பேச்சுக்குக் கம்பி ஒரு பக்கம் சுலபமாக விடுகிறது என்றே வைப்போம். அலையின் ஒரு பாதி கொஞ்சம் நசுங்கும். ஒயரைத் திருப்பினால் மறு பாதி நசுங்கும். நசுங்குகிற அளவு அதேதான்! இதற்கு ஏன் அம்புக்குறி?

அம்புக்குறிக்கு நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. இரண்டு கோரைச் சுற்றி, வெளி இரைச்சலைத் தடுக்க ஷீல்டு என்ற உலோக வலை போட்ட ஒயரில் ஒரு கோர் சிக்னலுக்கு, ஒரு கோர் திரும்பி வர. ஷீல்டை ஒரு முனையில் மட்டும் ஈயம் வைத்து, மறு முனையில் வெட்டிவிடுவார்கள். பொதுவாகப் பிளேயர் பக்கம் வைப்பது வழக்கம். இந்த ஒயரைத் திருப்பினால் ஷீல்டின் இணைப்பு ஆம்ப் பக்கம் போய்விடும். எர்த் சரியில்லாத வீட்டில் 50 ஹெர்ட்ஸ் 'உம்' சத்தம் கூடலாம், குறையவும் செய்யலாம். ஒற்றைக் கோர் ஷீல்டு ஒயரில் இப்படி வெட்டிவிடாதீர்கள். அதில் ஷீல்டுதான் திரும்பும் வழி.

அப்புறம், "திருப்பிப் போட்டேன், நிஜமாகவே மாறியது" என்பவர்கள் எல்லோரும் பொய் சொல்வதில்லை. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி வந்து, "அண்ணாச்சி, ஸ்பீக்கர் ஒயரைத் திருப்பினதும் பேஸ் போயிட்டு" என்றார். போய்ப் பார்த்தால், வலது பக்கம் மட்டும் பிளஸ் மைனஸ் மாறிக் கிடந்தது. ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுத்தால் பேஸ் எப்படி நிற்கும்? இன்னொரு காரணம் பின். கழற்றிச் செருகும்போது அதில் படிந்த களிம்பு உரசிப் போய்விடும், சத்தம் தெளியும், பேர் மட்டும் திசைக்கு. களிம்பு லேசான விஷயமில்லை. மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் சிலிக்கான் டயோடு வருவதற்கு முன்னால், ஏசி மின்சாரத்தை டிசியாக்கச் செம்பு ஆக்சைடு தகடுகளையும் பயன்படுத்தினார்கள். ஒருவழிப் பாதை வேண்டுமானால் அந்த ஆக்சைடில் தேடலாம், சுத்தமான செம்பில் கிடைக்காது.

ஆடி மாதக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக் செட் கட்டுகிறவர்களைப் பாருங்கள். சுருளில் எந்த முனை கைக்கு வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு அடுத்த தெரு வரை இழுத்துப் போவார்கள். அவர்கள் கவலை தூரம்தான். அதற்காகத்தான் குழாய் ஸ்பீக்கருக்கு 100 வோல்ட் லைன்: வோல்ட்டை ஏற்றினால் மின்னோட்டம் குறையும், ஒயரில் நஷ்டமும் குறையும். வீட்டிலும் கணக்கு அதுவே: 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 10 மீட்டர் இழுத்தால், போக வர 20 மீட்டர், சுமார் 0.34 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 0.36 டெசிபெல் நஷ்டம். தடித்த ஒயர் போட்டால் இது குறையும், திருப்பிப் போட்டால் குறையாது.

நம்பிக்கை வரவில்லையா? கம்ப்யூட்டரின் லைன் அவுட்டையும் லைன் இன்னையும் உங்கள் ஒயரால் இணைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்யுங்கள். ஒயரைத் திருப்பி மறுபடி பதியுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் இரண்டையும் மிகச் சரியாக ஒரே இடத்தில் பொருத்தி, ஒன்றை இன்வெர்ட் செய்து (அலையைத் தலைகீழாக்கி) கலந்தால் பாட்டு அநேகமாகக் காணாமல் போய் இரைச்சல் மட்டும் மிஞ்சும். அந்த மிச்சத்தில் பாட்டு தெளிவாகக் கேட்டால், முதலில் பின்னில் வைத்த ஈயத்தைப் பாருங்கள்.