பக் தன்னிடம் இல்லாத நேரத்தில் பிள்ளை என்ன செய்கிறான்? ஐஸ் ஹாக்கி கேள்வி பதில்

கனடாவில் படித்த காலத்தில் சிறுவர் குழுக்களுக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்தேன். இப்போது 8 ஆண்டுகளாகக் கோலாலம்பூரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பெற்றோர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்:

காஜாங், ஒரு தந்தை: கோச், மகனுக்கு 12 வயது. போன ஆட்டத்தில் மட்டும் 4 கோல். திறமை இருக்கிறதுதானே?

இருக்கலாம் ஐயா. ஆனால் கோல் கணக்கை வைத்து நான் சொல்ல மாட்டேன். இந்த வயதில் கோல் அடிப்பவன் பெரும்பாலும் மற்றவர்களைவிட வேகமாகச் சறுக்குகிறவன். 15 வயதில் மற்றவர்களும் அந்த வேகத்துக்கு வந்துவிடுவார்கள். அப்போது அவனிடம் வேறென்ன இருக்கும்?

ஓர் ஆட்டத்தில் எவ்வளவு கெட்டிக்காரனிடமும் பக் (அடித்து ஆடும் ரப்பர் வட்டு) இருக்கும் நேரம் மிகக் கொஞ்சம். மீதி நேரத்தைப் பாருங்கள். பக் பறிபோனதும் நின்று மேலே பார்க்கிறானா, திரும்பி ஓடி வருகிறானா? ஆடுகளத்தைச் சுற்றியுள்ள சுவரோரம் பக்கை எடுக்கப் போகும்போது தலை எங்கே இருக்கிறது?

போன சனிக்கிழமை டாமன்சாராவில், 2017 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுக்காகக் கட்டிய அரங்கத்தில், 11 வயதுப் பெண் பிள்ளை ஒருத்தியைப் பார்த்தேன். வேகம் சுமார்தான். ஆனால் பக்கை நோக்கிப் போகும்போதே முகவாய் இடது தோளைத் தொட்டது, பிறகு வலது தோள். பின்னால் யார் வருகிறார் என்று பார்த்துவிட்டாள். பக் ஸ்டிக்கில் பட்ட மறுநொடி நடுவில் நின்ற தோழியிடம் போய்விட்டது. யாரும் கைதட்டவில்லை. அவளைத்தான் என் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகுமுன் ஒன்றைச் சோதியுங்கள். சறுக்கி வரும்போது இரண்டு பக்கமும் திரும்பிச் சட்டென நிற்கத் தெரிகிறதா? பல பிள்ளைகள் ஒரே பக்கம்தான் நிற்பார்கள், கிராஸ் ஓவரும் (வளையும்போது ஒரு காலை மற்றதன் மேல் குறுக்கே வைத்துச் சறுக்குவது) ஒரே பக்கம்தான் போடுவார்கள். எதிராளி அதைக் கண்டுபிடிக்க ஒரு பீரியட் (ஆட்டத்தின் மூன்றில் ஒரு பகுதி) போதும்.

கிள்ளான், ஒரு தாய்: மகனுக்குக் கணுக்கால் பலவீனம். உள்பக்கமாகச் சரிகிறது. உடற்பயிற்சி சொல்லுங்கள்.

முதலில் சறுக்குக் காலணியைப் பாருங்கள் அம்மா. வளர்கிற பிள்ளையென்று இரண்டு அளவு பெரிதாக வாங்கியிருப்பீர்கள். கயிற்றைத் தளர்த்தி, விரல்களை முன்னுக்குத் தள்ளி, குதிகாலுக்குப் பின்னால் உங்கள் விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் காலணிதான் பலவீனம், பிள்ளையின் கால் இல்லை. சரியான அளவு, சாதாரணச் சப்பாத்தைவிட ஒன்று, ஒன்றரை எண் குறைவாக இருக்கும். பெரிய காலணி வாங்காதீர்கள். காசை மிச்சம் பிடிக்கிறோம் என்று பிள்ளையின் ஓராண்டுப் பயிற்சியைத் தொலைக்கிறோம்.

பெட்டாலிங் ஜெயா: எந்த ஸ்டிக்?

காலணி போட்டு நின்றால் முகவாய் வரை உயரம். எடை கிலோவில் எத்தனையோ, ஏறக்குறைய அந்த எண் ஃபிளெக்ஸ் (ஸ்டிக் எவ்வளவு விறைப்பு என்று காட்டும் எண்). 35 கிலோப் பிள்ளைக்கு 70 ஃபிளெக்ஸ் கொடுத்தால் வளையாது, அடியில் பலமே இருக்காது.

பட்டர்வொர்த், ஒரு தந்தை: மகன் வகுப்பிலேயே குள்ளம். பந்தயத்தில் இடித்துத் தள்ளிவிடுகிறார்கள். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். மார்ட்டின் செயின்ட் லூயி 173 செண்டிமீட்டர். என்.எச்.எல் (வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கி லீக்) அணி எதுவும் அவரை டிராஃப்டில் (இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறை) எடுக்கவில்லை. 2004-இல் லீக்கின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையும், மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதும் வாங்கினார். இன்னொரு என்.எச்.எல் ஆட்டக்காரர் பிரேடன் பாயிண்ட் 2014-இல் 79-ஆவது ஆளாகத்தான் தேர்வானார். அப்போது அவர் சறுக்கலைத்தான் குறை சொன்னார்கள். அதைத் திருத்திக்கொண்டார்.

அதே தந்தை: கோச், ஆயிரத்தில் ஒருவரைக் காட்டி எங்களுக்கு ஆறுதல் சொல்கிறீர்கள்.

சுபாங் ஜெயா, இன்னொரு பயிற்சியாளர்: அண்ணே, அவர் சொல்வது சரி. பெரியவர்கள் ஆட்டத்தில் உயரமும் கையெட்டும் வேண்டும்.

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. தற்காப்பு ஆட்டக்காரனுக்கு நீளமான கை பெரிய வரம். ஆனால் 12 வயதில் யார் எவ்வளவு உயர்வான் என்று உங்களுக்கோ எனக்கோ தெரியுமா? 1985-இலேயே கனடா ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்: உயர்மட்ட இளையோர் அணிகளில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் அளவுக்கு மிஞ்சி இருந்தார்கள். வயதுப் பிரிவு ஜனவரி 1-இல் தொடங்குவதால் அவர்கள் சில மாதம் மூத்தவர்கள். பெரியவனைத் திறமைசாலி என்று எடுத்தார்கள், நல்ல பயிற்சி கொடுத்தார்கள், அவன் திறமைசாலி ஆனான். நம் பள்ளிக்கூடத்திலும் ஜனவரிப் பிள்ளையும் டிசம்பர்ப் பிள்ளையும் ஒரே ஆண்டில்தானே உட்காருகிறார்கள்? ஐயா, உங்கள் மகன் எந்த மாதம்?

பட்டர்வொர்த் தந்தை: நவம்பர்.

அப்படியானால் ஜனவரிப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு அவனைக் குள்ளம் என்று சொல்வதை இன்றே நிறுத்துங்கள்.

சுபாங் ஜெயா: ஆனாலும் இடிபடுகிறானே அண்ணே?

அது வேறு விஷயம், அதில் நீ சொல்வது நியாயம். சுவரிலிருந்து ஓரடி தள்ளி, முதுகைக் காட்டி நிற்கிற பிள்ளைக்கு ஆபத்து. அவன் சுவரை ஒட்டி, முழங்கால் மடக்கி, பக்கவாட்டில் நிற்கப் பழக வேண்டும். அமெரிக்காவில் 2011-இலும் கனடாவில் 2013-இலும் 11, 12 வயதுப் பிரிவில் உடலால் இடிப்பதை நீக்கிவிட்டார்கள். தலைக்காயம் ஒரு காரணம். அங்கேயே நீக்கியதை இங்கே நாம் 'ஆம்பளைத்தனம்' என்று ஊக்குவிக்கக் கூடாது. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

ஷா ஆலம்: மகள் கோல்காப்பாளர். எப்படி மதிப்பிடுவது?

எனக்குத் துறையில்லை அம்மா, கோல்காப்பாளர் பயிற்சியாளரிடமே கேளுங்கள். அவசரப்படாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். பின்னாளில் என்.எச்.எல்லில் பெயர் பெற்ற கோல்காப்பாளர் ஹென்ரிக் லுன்ட்க்விஸ்ட் 2000-ஆம் ஆண்டில் 205-ஆவது ஆளாகத் தேர்வானவர்.

செராஸ்: பையன் இந்தப் பருவத்தில் 17 கோல்...

காஜாங் ஐயாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பூச்சோங்: மகள் 9 கோல், ஆனால்...

அதே பதில்தான் அம்மா. கோல் எண்ணிக்கையை இனி அனுப்பாதீர்கள்.

ரவாங்: 13 வயது. என்.எச்.எல் போவானா?

தெரியாது. டிராஃப்டுக்கே 18 வயதாக வேண்டும். காலணி எத்தனை அளவு பெரிது?

பட்டர்வொர்த் தந்தை: கடைசியாக ஒன்று. மகனின் நல்ல அடிகளை வெட்டி ஒட்டிய வீடியோ இருக்கிறது. அனுப்பலாமா?

வெட்டாததை அனுப்புங்கள். ஒரே ஆட்டத்தில் தொடர்ந்து ஆறு ஷிஃப்ட் (களத்தில் இறங்கியது முதல் பெஞ்சுக்குத் திரும்பும் வரை ஒரு ஷிஃப்ட்). கேமரா பக்கைத் துரத்த வேண்டாம், அவனை மட்டும் பிடிக்கட்டும். பெஞ்சுக்கு வந்து உட்காருவதும் தெரியட்டும். இடிபட்டு விழுந்தபின் எத்தனை வினாடியில் எழுகிறான் என்று பார்க்க வேண்டும்.